சாவிக்கொத்தும் மாப்பும்: க்ளீனிங் ஃப்ரான்சைஸ் கேள்வி பதில்

போன இதழ்ல ஆபீஸ் க்ளீனிங் ஃப்ரான்சைஸ் எடுத்து நடத்துறத பத்தி, அதாவது ஒரு பெரிய க்ளீனிங் கம்பெனிக்கு காசு கட்டி அவங்க பேர்ல நாம தொழில் பண்றத பத்தி, போகிற போக்குல நாலு வரி எழுதினேன். அதுக்கு வந்த கேள்விங்கள பாத்தா இந்த யோசனைல இவ்வளவு பேர் இருக்காங்களான்னு எனக்கே ஆச்சரியம். நான் இதுல பதினொரு வருஷமா இருக்கேன், மொத ரெண்டு வருஷம் மாப் என் கைலதான் இருந்துச்சு, இப்போ பதினாலு பேர் வேலை பாக்குறாங்க. தெரிஞ்சத சொல்றேன். பேர் போட வேண்டாம்னு பாதி பேர் கேட்டதால யார் பேரையும் போடல.

அண்ணே, ஒரு கம்பெனில கணக்கு எழுதுற வேலைல இருக்கேன். ஒரு க்ளீனிங் ஃப்ரான்சைஸ்காரங்க வந்து பேசினாங்க. ஒரு தொகைய கட்டினா மாசம் இவ்வளவு பில்லிங்குக்கு கிளையன்ட்ட அவங்களே பிடிச்சு குடுப்பாங்களாம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் வேலையாம். இருக்கிற வேலைய விட்டுட்டு இறங்கிடலாமா?

விடாதீங்க தம்பி. இந்த வேலை பெரும்பாலும் ஆபீஸ் மூடினதுக்கு அப்புறம்தான் நடக்குது, அதனால பகல் வேலைய வச்சுக்கிட்டே ஆரம்பிக்க முடியுற சில தொழில்ல இதுவும் ஒண்ணு, அந்த வசதிய ஏன் நீங்களா தூக்கி எறியணும்?

அவங்க சொன்ன வார்த்தைய நல்லா கவனிங்க, "பில்லிங்"னு சொன்னாங்க, "வருமானம்"னு சொல்லல. கணக்கு எழுதுறவரு நீங்க, உங்களுக்கு நான் வித்தியாசம் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா ஆசைல இருக்கும்போது நமக்கு தெரிஞ்ச கணக்கே மறந்துடும், எனக்கும் மறந்துச்சு. மாச பில்லு 100-னு வச்சுக்குவோம். அதுல ராயல்டி, அதாவது அவங்க பேர்ல தொழில் பண்றதுக்கு மாசாமாசம் குடுக்குற பங்கு, 10 போகும், பல கம்பெனிங்க பில் போட்டு வசூல் பண்ணித் தர்றதுக்குன்னு தனியா ஒரு 5 எடுப்பாங்க. இன்சூரன்ஸ் 4, கெமிக்கல், குப்பைப் பை, டிஷ்யூ பேப்பர் மாதிரி சாமானுக்கு 6. முழுத் தொகையும் கைல இல்லாம பாதிய கம்பெனிக்கிட்டயே கடனா வச்சிருந்தீங்கன்னா அந்த தவணை ஒரு 12. மிச்சம் 63. ராயல்டிலேர்ந்து எல்லாமே நான் உதாரணத்துக்கு போட்டதுதான், உங்க கான்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்கோ அத போட்டு நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

இப்போ நேரத்துக்கு வருவோம். ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம், மாசத்துக்கு 22 ராத்திரி, ஆக 44 மணி நேரம். இதத்தான் அவங்க சொல்லுவாங்க. போக வர 40 நிமிஷத்த யாரும் சொல்ல மாட்டாங்க, அது 22 ராத்திரிக்கு கிட்டத்தட்ட 15 மணி நேரம். நீங்க மனசுல போட்ட கணக்கு 100-ஐ 44-ஆல வகுத்தது, அதாவது மணிக்கு 2.27. நெஜமான கணக்கு 63-ஐ 59-ஆல வகுத்தது, மணிக்கு 1.07. பாதி கூட வரல பாத்தீங்களா? இதுல ஆள் வச்சு செஞ்சா அந்த 1.07-லேர்ந்துதான் அவங்க சம்பளமும் போகணும், மிஞ்சுறதுதான் உங்களுக்கு. எனக்கு மொத அக்கவுன்ட்டா (சுத்தம் பண்ற கிளையன்ட் இடத்த நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) குடுத்தது ஊரோட ஒரு கோடில ஒரு கிளினிக், ரெண்டாவது இன்னொரு கோடில ஒரு குடோன் ஆபீஸ், ரெண்டுக்கும் நடுவுல வண்டி ஓட்டின நேரம் தொடைச்ச நேரத்த விட அதிகம். அதனால எவ்வளவு பில்லிங்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த ஏரியாலன்னு கேளுங்க, அத கான்ட்ராக்ட்ல எழுதித் தரச் சொல்லுங்க, வாயால சொன்னா ஏத்துக்காதீங்க.

இன்னொண்ணு. கிளையன்ட்ட "குடுப்போம்"னு சொல்றதுக்கும் அந்த கிளையன்ட் நிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. பல கான்ட்ராக்ட்ல கம்பெனியோட பொறுப்பு அக்கவுன்ட்ட உங்க முன்னாடி நீட்டுறதோட முடிஞ்சுடும், நீங்க வேணாம்னு சொன்னாலும் குடுத்த கணக்குலதான் சேரும். மூணாவது மாசம் அந்த கிளையன்ட் போனாலும் உங்க தவணை நிக்காது.

கான்ட்ராக்ட் தொண்ணூறு பக்கம் இருக்கு சார். படிக்க ஆரம்பிச்சா தூக்கம் வருது. முக்கியமா எந்த பக்கத்த பாக்கணும்?

வக்கீல்கிட்ட குடுங்க, அது மொதல்ல. ஃப்ரான்சைஸ் கான்ட்ராக்ட் பாத்த வக்கீலா இருக்கணும், சொத்து பத்திரம் எழுதுறவர்கிட்ட குடுத்தா அவருக்கும் தூக்கம்தான் வரும்.

ஆனா வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு கேள்விக்கு பதில தேடிப் பிடிங்க, கிளையன்ட் யாருக்கு சொந்தம்? இந்த தொழில்ல நிறைய இடத்துல ஆபீஸ்காரங்க அக்ரிமென்ட் போட்டிருக்கிறது உங்களோட இல்ல, ஃப்ரான்சைஸ் கம்பெனியோட. பணமும் மொதல்ல அவங்களுக்கு போய், பிடிச்சது போக மிச்சம் உங்களுக்கு வரும். அப்படின்னா நீங்க நாலு வருஷம் பாடுபட்டு அந்த ஆபீஸ்காரங்களோட நல்ல பழக்கம் வச்சிருந்தாலும், கம்பெனிய விட்டு வெளிய வர்ற அன்னிக்கு அந்த அக்கவுன்ட் அங்கேயே தங்கிடும். கூடவே அதே ஏரியால அதே தொழில இத்தனை வருஷம் செய்யக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை இருக்கும். ரெண்டையும் சேர்த்து படிச்சாத்தான் நீங்க எதுக்கு காசு கட்டுறீங்கன்னே புரியும்.

அடுத்தது, போன அக்கவுன்ட்டுக்கு பதில் அக்கவுன்ட் தர்றதா சொல்ற பக்கம். அதுல கண்டிப்பா "வேலை சரியில்லன்னு கிளையன்ட் நிறுத்தியிருந்தா இது பொருந்தாது"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். வேலை சரியில்லன்னு முடிவு பண்றது யாரு? பெரும்பாலும் கிளையன்ட் சொன்னத கம்பெனி அப்படியே எழுதிக்கும். நீங்க உங்க பக்கத்த சொல்ல ஒரு வழி, நேர்ல வந்து பாத்து ரிப்போர்ட் எழுதுறதுன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. அப்புறம் பர்சனல் கியாரன்டி. நீங்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல கையெழுத்து போட்டாலும், கடன் உங்க தலைமேலயும் உங்க வீட்டுமேலயும் நிக்குமாங்கிறது அங்கதான் இருக்கும்.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. காசு வாங்குறதுக்கோ கையெழுத்து வாங்குறதுக்கோ குறைஞ்சது 14 நாளைக்கு முன்னாடி ஃப்ரான்சைஸ் கம்பெனி தன்ன பத்தின விவரத்தையெல்லாம் வெளிப்படையா சொல்ற ஒரு டிஸ்க்ளோஷர் டாக்குமென்ட் குடுத்தே ஆகணும்னு சட்டம், அதுல 23 தலைப்பு. மூணாவதுல கம்பெனி மேல இருக்கிற வழக்குங்க, 19-ல சம்பாத்தியம் பத்தி அவங்க ஏதாவது சொல்றதா இருந்தா அது, 20-ல இப்போ எத்தனை ஃப்ரான்சைஸ், போன வருஷம் எத்தனை பேர் விட்டுட்டு போனாங்கன்னு பட்டியல், போனவங்கள தொடர்பு கொள்றதுக்கு விவரமும் சேர்த்து. நீங்க எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் நான் சொல்றது இதுதான், உங்க ஊர் சட்டம் இதெல்லாம் கேக்குதோ இல்லையோ நீங்க கேளுங்க. முக்கியமா விட்டுட்டு போனவங்க நம்பர். நல்லா ஓடுற நாலு பேரோட நம்பர அவங்களே சந்தோஷமா குடுப்பாங்க, போன ஆளுங்க நம்பர கேட்டதும் குரல் எப்படி மாறுதுன்னு பாருங்க, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சுடும்.

இத கோர்ட்டே சந்தேகமா பாத்திருக்குங்கிறதும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மாசசூசெட்ஸ்ல 2010-ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ், க்ளீனிங் ஃப்ரான்சைஸ் வாங்கினவங்க போட்ட வழக்குல, இவங்க தனி முதலாளிங்க இல்ல, அந்த கம்பெனியோட தொழிலாளிங்கதான்னு சொல்லிட்டார். கலிஃபோர்னியால 2018-ல யாரு தொழிலாளி யாரு தனி கான்ட்ராக்டர்னு பாக்குறதுக்கு ஒரு கடுமையான சோதனை வந்துச்சு, அது பழைய கேஸுக்கும் செல்லும்னு 2021-ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் சொன்னதும் ஒரு க்ளீனிங் ஃப்ரான்சைஸ் வழக்குலதான். எல்லா கம்பெனியும் மோசம்னு நான் சொல்ல வரல, எனக்கு பேர், ட்ரெயினிங், இன்சூரன்ஸ், பில் வசூல்னு எவ்வளவோ உதவி கிடைச்சிருக்கு. காசு கட்டி ஒரு வேலைய வாங்குறோமா ஒரு தொழில வாங்குறோமாங்கிற கேள்வி நம்ம மனசுல மட்டும் வர்றதில்லன்னு காட்டத்தான் சொன்னேன்.

படிச்ச பொண்ணு காசு கட்டி டாய்லெட் கழுவப் போறியான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

பதில் சொல்லாதீங்க சகோதரி, வேலை இருக்கு உங்களுக்கு. என் ஆள் லீவு போட்டா இன்னிக்கும் நான்தான் கழுவுறேன். மூணாவது டாய்லெட்ல ஃப்ளஷ் பட்டன் மாட்டிக்குதுன்னு கிளையன்ட்கிட்ட நானா போய் சொன்ன அன்னிக்குதான் அந்தம்மா என்னை உக்கார வச்சு பேசினாங்க, அது வரைக்கும் நின்னுக்கிட்டேதான் பேச்சு.

ஒரு ஆபீஸ்ல போய் பாத்துட்டு ரேட் சொல்லச் சொன்னாங்க. பக்கத்து ஆபீஸ்ல என்ன குடுக்குறாங்கன்னு விசாரிச்சு அதவிட கொஞ்சம் கம்மியா சொன்னேன், கிடைச்சுடுச்சு. இப்போ மாசாமாசம் கைய விட்டுப் போகுது. எங்க தப்பு?

பக்கத்து ஆபீஸ விசாரிச்சதுலதான். நீங்க விசாரிச்ச அந்த ஆளும் அவருக்கு பக்கத்து ஆபீஸ விசாரிச்சுதான் சொல்லியிருப்பார், இப்படியே போனா கடைசில யாரு கணக்கு போட்டாங்கன்னே தெரியாது.

ரேட்டுங்கிறது நேரத்துலேர்ந்து வரணும். சாதாரண ஆபீஸ்ல, மேஜைங்க, குப்பைத்தொட்டி, வேக்குவம் எல்லாம் சேர்த்து ஒரு ஆள் மணிக்கு 2,500-லேர்ந்து 3,500 சதுர அடி வரைக்கும் முடிக்கலாம்னு தொழில்ல ஒரு பொதுக் கணக்கு. வாஷ்ரூம இதுல சேர்க்காதீங்க, அங்க சதுர அடி பாக்குறதுல அர்த்தமில்ல, ஒரு டாய்லெட், ஒரு யூரினல், ஒரு வாஷ்பேசின்னு எண்ணி ஒண்ணுக்கு 3 நிமிஷம் வைங்க. 6,000 சதுர அடி ஆபீஸ், டாய்லெட், யூரினல், பேசின் எல்லாம் சேர்த்து 10 இருக்கிற வாஷ்ரூம்னா, மணிக்கு நடுவுல 3,000 சதுர அடின்னு வச்சா, 2 மணி நேரமும் 30 நிமிஷமும். கதவ திறந்து அலாரம் ஆஃப் பண்றது, வண்டில சாமான் இறக்குறது, கடைசில எல்லா லைட்டையும் பாத்து பூட்டுறது ஒரு 15 நிமிஷம். ஆக 2 மணி 45 நிமிஷம். இத உங்க ஊர் கூலியால பெருக்கி, ஆளுக்கு கட்ட வேண்டிய வரி, இன்சூரன்ஸ், லீவு இதெல்லாம் ஏத்தி, சாமான், ராயல்டி, போக்குவரத்து எல்லாம் வச்ச பிறகுதான் உங்க லாபம். இப்படி வந்த தொகை பக்கத்து ஆபீஸ் ரேட்ட விட அதிகமா இருந்தா அந்த வேலை உங்களுக்கு வேண்டாம், விட்டுடுங்க. இத சொல்றது சுலபம், செய்றது கஷ்டம், புது ஆளா இருக்கும்போது வேண்டாம்னு சொல்ல வாயே வராது.

போய் பாக்குறப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு போங்க, காலைல போகாதீங்க. காலைல எல்லா ஆபீஸும் அழகாத்தான் இருக்கும். ஆறு மணிக்கு போனா குப்பைத்தொட்டி எவ்வளவு நிறையுது, பேன்ட்ரி சிங்க்ல என்ன கிடக்குது, கார்பெட்ல எந்த வழில எல்லாரும் நடக்குறாங்க, எல்லாம் தெரியும். கதவு நிலை மேல ஒரு விரல் வச்சு இழுங்க, விரல் கறுப்பா வந்தா இதுக்கு முன்னாடி இருந்தவர் கைக்கு எட்டுற உயரத்துக்கு மட்டும்தான் தொடைச்சிருக்கார்னு அர்த்தம், அப்போ மொத மாசம் உங்களுக்கு ரெண்டு மடங்கு வேலை, அத ஆரம்ப க்ளீனிங்னு தனியா பில் போடணும். அப்புறம் கேளுங்க, "முன்னாடி இருந்தவர ஏன் நிறுத்துனீங்க?" கேட்டா தயங்காம சொல்லுவாங்க. அவங்க சொல்ற மொத ரெண்டு விஷயத்த எழுதிக்கோங்க, உங்களையும் அதுக்குத்தான் நிறுத்தப் போறாங்க.

இப்போ மாட்டிக்கிட்ட அக்கவுன்ட்டுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு வாரம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு எழுதுங்க. அத கொண்டு போய் காட்டி, ரேட்ட ஏத்துங்கன்னு கேக்காதீங்க, தினமும் செய்ற சில வேலைய வாரம் ரெண்டு நாளா குறைக்கலாமான்னு கேளுங்க. ஆளில்லாத கான்ஃபரன்ஸ் ரூம தினமும் வேக்குவம் போடுறதால யாருக்கு என்ன லாபம்?

எனக்கு வீட்ட கூட்டித் துடைக்கத்தான் தெரியும். கம்பெனில ரெண்டு வாரம் ட்ரெயினிங் தர்றாங்களாம், அது போதுமா? கெமிக்கல்ல என்ன இருக்குன்னு எல்லாம் தெரிஞ்சுக்கணுமா?

தெரிஞ்சுக்கணும். எனக்கு தெரியாம போனதுக்கு நான் குடுத்த விலைய சொல்றேன் கேளுங்க. ஆரம்பிச்ச நாலாவது மாசம், ஒரு ஆபீஸ் வாஷ்ரூம், தரை மார்பிள். டாய்லெட்டுக்கு ஊத்துற ஆசிட் க்ளீனர் பாட்டில தரைல வச்சுட்டு உள்ள தேய்ச்சுக்கிட்டிருந்தேன். பாட்டில் அடில ஒரு சொட்டு வழிஞ்சிருக்கு, எடுத்தா தரைல ஒரு வட்டம், வெள்ளையா, பளபளப்பு போய், பாட்டிலோட அடி அளவுக்கு கச்சிதமா. அழுக்குன்னு நெனச்சு தேய்ச்சேன், தேய்க்கத் தேய்க்க நல்லா தெரிஞ்சுது. அது அழுக்கில்ல, கல்லே கரைஞ்சு போயிருக்கு. மார்பிள்ங்கிறது கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா தின்னுடும். பாலிஷ் போடுற ஆள கூட்டிட்டு வந்து செஞ்சு குடுத்ததுல அந்த அக்கவுன்ட்டோட ரெண்டு மாச லாபம் காலி. வினிகர், எலுமிச்சை வாசனை போட்ட சில க்ளீனர்கூட ஆசிட்தான், கல்லு தரைன்னா பிஹெச் நியூட்ரல்னு, அதாவது ஆசிட்டும் இல்ல காரமும் இல்லன்னு, போட்டத மட்டும் எடுங்க.

ஹெர்பர்ட் சின்னர்னு ஒரு ஜெர்மன்காரர், 1959-ல ஒரு வட்டம் போட்டு காட்டினார், சுத்தம் பண்றதுல நாலு விஷயம்தான் இருக்கு, கெமிக்கல், தேய்க்கிற பலம், சூடு, நேரம். ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ண கூட்டணும், அவ்வளவுதான். புது ஆளுங்க எல்லாரும் செய்ற தப்பு, நேரத்த குறைச்சுட்டு கெமிக்கல கூட்டுறது. டிஸ்இன்ஃபெக்டன்ட அடிச்ச உடனே துணியால துடைச்சுடுவாங்க, வாசனை வரும், கிருமி அப்படியே இருக்கும். லேபிள்ல காண்டாக்ட் டைம்னு போட்டிருப்பாங்க, சிலதுக்கு 1 நிமிஷம், சிலதுக்கு 10 நிமிஷம், அந்த நேரம் முழுக்க அந்த இடம் ஈரமா இருக்கணும். அதனால வாஷ்ரூம்ல நுழைஞ்சதும் மொதல்ல எல்லாத்துக்கும் அடிச்சு விட்டுட்டு, குப்பை எடுக்குறது, பேப்பர் நிரப்புறது, கண்ணாடி தொடைக்கிறதுன்னு மத்த வேலைய முடிச்சுட்டு வந்து தேய்ங்க. அதிகமா ஊத்தினாலும் தப்புதான், தரைல பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும், மறுநாள் செருப்பு அழுக்கெல்லாம் அதுல ஒட்டி, நீங்க தொடைக்கவே இல்லன்னு கம்ப்ளெயின்ட் வரும். அளவு மூடில அளந்து ஊத்துங்க.

துணிக்கு கலர் வைங்க. சிவப்பு டாய்லெட்டுக்கு, மஞ்சள் வாஷ்பேசினுக்கு, நீலம் மேஜை மாதிரி பொது இடத்துக்கு, பச்சை பேன்ட்ரிக்கு. பல இடத்துல இதே முறைதான். நான் இத ஆளுங்களுக்கு சொல்லித் தர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும், கடைப்பிடிக்க வைக்கிறதுக்கு வருஷம் ஆகும். அப்புறம் இத மட்டும் எழுதி வண்டி கதவுலயே ஒட்டுங்க, ப்ளீச்சோட அமோனியாவையும் கலக்கக்கூடாது, ஆசிட்டையும் கலக்கக்கூடாது. மொதல்லதுல குளோராமின் வாயு வரும், ரெண்டாவதுல குளோரின் வாயு, ரெண்டுமே மூச்ச பிடிச்சுடும், சின்ன வாஷ்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு செஞ்சா உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு கெமிக்கலுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட்னு 16 பகுதி இருக்கிற தாள் வரும், அத ஃபைல் பண்ணி வண்டில வைங்க, கண்ணுல தெறிச்சா என்ன பண்ணணும்னு நாலாவது பகுதில இருக்கும்.

ரெண்டு வார ட்ரெயினிங் போதுமான்னு கேட்டீங்க. வேலைய கத்துக்க போதும், நேரத்த கத்துக்க போதாது. அது மொத மூணு மாசத்துல வரும்.

தரை கழுவுற பெரிய ஆட்டோ ஸ்க்ரப்பர் மெஷின் ஒண்ணு ஆஃபர்ல வருது. எடுத்துடலாமா?

எந்த அக்கவுன்ட்டுக்கு சார்? அது இல்லன்னா எடுக்காதீங்க. ஆரம்பத்துக்கு ஹெப்பா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வடிகட்டி) போட்ட ஒரு முதுகுல மாட்டுற வேக்குவம், தட்டை மைக்ரோஃபைபர் மாப் ரெண்டு, பிழியுற வாளி ஒண்ணு போதும். பெரிய மெஷின் வேணும்னா அந்த நாளைக்கு வாடகைக்கு எடுங்க.

ஆள் நிக்க மாட்டேங்குறாங்க அண்ணே. ட்ரெயின் பண்ணி விட்டா ஒரு மாசத்துல போயிடுறாங்க. மறுபடியும் நானே மாப் பிடிச்சு நிக்கிறேன்.

இந்த தொழில்ல இது எல்லாருக்கும் இருக்கிற தலைவலி. முழு மருந்து என்கிட்டயும் இல்ல. ஆனா என் ஆளுங்க போனப்போ நான் அவங்கள கூப்பிட்டு கேட்டிருக்கேன், சம்பளம் பத்தலன்னு சொன்னத விட "சம்பளம் எப்போ வரும்னு தெரியல"ன்னு சொன்னவங்கதான் அதிகம். கிளையன்ட் பில்லுக்கு முப்பது நாள் கழிச்சு பணம் குடுப்பாங்க, அது கம்பெனிக்கு வந்து நம்மகிட்ட வர இன்னும் நாளாகும், ஆனா ஆளுக்கு வாரமோ ரெண்டு வாரமோ சம்பளம் குடுத்தாகணும். அந்த இடைவெளிய நாம அவங்க தலைல கட்டிடுறோம். குறைஞ்சது ரெண்டு மாச சம்பளம் தனியா பேங்க்ல கெடந்தாத்தான் ஆள் எடுக்கணும், இது நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது.

அடுத்தது தனியா விடுறது. ராத்திரி பத்து மணிக்கு காலியான கட்டடத்துல தனியா வேலை பாக்குறது எப்படி இருக்கும்னு நீங்க செஞ்சவரு, உங்களுக்கு தெரியும், லிஃப்ட் தானா திறந்தாலே திக்குங்கும். மூணு சின்ன அக்கவுன்ட்ட ரெண்டு பேர் ஜோடியா சேர்ந்து செய்ற மாதிரி ரூட் போட்டேன், மொத்த நேரம் அதேதான், வண்டியும் ஒண்ணுதான், ஆளுங்க நின்னாங்க. வாரம் ஒரு தடவ எல்லா இடத்துக்கும் நீங்க போய் நில்லுங்க. போனா குத்தம் கண்டுபிடிக்காதீங்க, இல்லாத சாமான கேளுங்க. கிழிஞ்ச க்ளவுஸ போட்டுக்கிட்டு வேலை பாக்குறவங்க வாய திறந்து கேக்க மாட்டாங்க, ஒரு நாள் வராம நின்னுடுவாங்க.

ரெண்டே மாசத்துல என் மொத அக்கவுன்ட் போயிடுச்சு. ஒரு கம்ப்ளெயின்ட்டும் சொல்லாமலே நிறுத்திட்டாங்க. நான் நல்லாத்தான் செஞ்சேன். மனசு விட்டுப் போச்சு.

கம்ப்ளெயின்ட் சொல்லியிருப்பாங்க, உங்க காதுக்கு வந்திருக்காது. நம்ம தொழில்ல நாம வர்றப்போ அவங்க இல்ல, அவங்க வர்றப்போ நாம இல்ல. ஒரு அக்கவுன்ட்ல கம்ப்யூட்டர் திரைல மஞ்சள் ஒட்டுத்தாள் ஒண்ணு, "குப்பைத்தொட்டி எடுக்கல"ன்னு. என் ஆள் அத பாத்துட்டு, குப்பைய எடுத்துட்டு, தாளையும் கிழிச்சு அதே தொட்டில போட்டுட்டான். அவன் பக்கம் விஷயம் முடிஞ்சுது. அந்த தாள எழுதினவருக்கு பதிலே வரல, அடுத்த வாரம் மேனேஜர்கிட்ட போயிட்டார். அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நோட்டு வச்சேன், ரிசெப்ஷன் ட்ராயர்ல. அவங்க எழுதுவாங்க, நாங்க கீழ பதில் எழுதி தேதி போடுவோம். மொத மாசம் வாரா வாரம் நானே பகல்ல போய் அஞ்சு நிமிஷம் நின்னு கேப்பேன்.

மனுஷங்க கண்ணுக்கு தெரியுறது சிலதுதான். மேஜைக்கு அடில நீங்க முட்டி போட்டு தொடைச்சத யாரும் பாக்க மாட்டாங்க, வாஷ்ரூம்ல குழாய்ல நிக்கிற தண்ணிக் கறைய எல்லாரும் பாப்பாங்க. கடைசியா வெளிய வர்றப்போ ஒரு காய்ஞ்ச துணியால குழாய துடைச்சு மின்ன விட்டுட்டு வாங்க. ஏமாத்து வேலைன்னு நெனைக்காதீங்க, மத்ததையும் செஞ்சுட்டுத்தானே இத செய்றோம்.

இப்போ போன அக்கவுன்ட்டுக்கு, ஏன் நிறுத்துறோம்னு கிளையன்ட் எழுதின கடிதத்த ஃப்ரான்சைஸ் கம்பெனிகிட்ட கேட்டு வாங்குங்க. பதில் அக்கவுன்ட் உங்களுக்கு வருமா வராதாங்கிறது அந்த காரணத்த பொறுத்துதான். ஆபீஸ காலி பண்ணாங்க, செலவ குறைச்சாங்கன்னு இருந்தா விடாதீங்க, எழுத்துல கேளுங்க.

எல்லாம் முடிஞ்சு கையெழுத்தும் போட்டாச்சு. திங்கக்கிழமை மொத ராத்திரி. பயமா இருக்கு. என்ன எடுத்துட்டுப் போகட்டும், என்ன பாத்துக்கணும்?

வாழ்த்துக்கள் சகோதரி. சாமான் லிஸ்ட் கம்பெனியே குடுத்திருப்பாங்க, அதுல இல்லாதத சொல்றேன். டார்ச் ஒண்ணு, ஸ்விட்ச் எங்கன்னு தெரியாது மொத நாள். ஃபோன் சார்ஜர். வழுக்கும்னு எழுதின போர்டு ரெண்டு, ஆபீஸ்ல யாராவது லேட்டா உக்காந்திருப்பாங்க, கண்டிப்பா ஈரத்துல நடப்பாங்க. சாவில எந்த ஆபீஸ்னு எழுதாதீங்க, நம்பர் போட்டு ஒட்டுங்க, தொலைஞ்சா எடுத்தவனுக்கு ஒண்ணும் புரியக்கூடாது. அலாரம் கோட பேப்பர்ல எழுதி சாவியோட மாட்டாதீங்க. நான் மாட்டினேன். அப்புறம் தப்பு கோட அழுத்தி, சைரன் அடிச்சு, செக்யூரிட்டி வந்து, மாப்போட நின்ன என்னை பாத்துட்டு அவரே சிரிச்சுட்டார்.

உள்ள போனதும் எதையும் தொடாம ஃபோன்ல படம் எடுங்க, ஒவ்வொரு ரூமும். ஏற்கனவே உடைஞ்சிருக்கிற கண்ணாடி, கீறல், கறை எல்லாம். முடிச்சதும் மறுபடி எடுங்க. வேலைய தூரத்து மூலைலேர்ந்து ஆரம்பிச்சு கதவ நோக்கி வாங்க, மேல இருந்து கீழ, காய்ஞ்ச வேலை மொதல்ல, ஈர வேலை கடைசில. மேஜைல பேப்பர் இருந்தா தூக்காதீங்க, சுத்தி துடைங்க. குப்பைத்தொட்டிக்குள்ள இருக்கிறதுதான் குப்பை, தொட்டி பக்கத்துல தரைல கெடக்குறது குப்பை இல்ல, அவங்க தாள் ஒட்டி "குப்பை"ன்னு எழுதியிருந்தா ஒழிய எடுக்காதீங்க. நேரம் ரெண்டு மணின்னு சொல்லியிருப்பாங்க, உங்களுக்கு மொத ராத்திரி நாலு ஆகும், பதறாதீங்க, ஒவ்வொரு ரூமுக்கும் எத்தனை நிமிஷம்னு மட்டும் குறிச்சுக்கோங்க. கிளம்புறப்போ பேன்ட்ரி குழாய், கடைசி லைட், அலாரம், பின்பக்க கதவு. பின்பக்க கதவ பூட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவ இழுத்துப் பாருங்க.